நெஞ்சளவுத் தண்ணீரில் கொடுவா

கட்டைவிரல் இன்னும் அதன் வாய்க்குள்தான் இருந்தது. எடுக்கலாம் என்று ஆதிரைக்குத் தோன்றவே இல்லை. கடல் உள்ளே ஏறிக்கொண்டிருந்த காலை, அரியாங்குப்பத்து முகத்துவாரம், நெஞ்சளவுத் தண்ணீர். இடது கட்டைவிரல் கொடுவாவின் கீழ்த்தாடைக்குள், வலது உள்ளங்கை அதன் வயிற்றுக்கு அடியில், ஏறிவரும் தண்ணீருக்கு நேராக அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வாய் வழியாக நுழைந்து செவுள் வழியாக வெளியே போனால் போதும், மிச்சத்தை மீன் பார்த்துக்கொள்ளும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். அந்த வீடியோவில் மீன் ஒரு நிமிஷத்தில் வாலை உதறிவிட்டுப் போனது, பின்னணியில் பாட்டு வேறு. இங்கே பாட்டும் இல்லை, உதறலும் இல்லை. ஆறு நிமிஷம் ஆகியிருக்குமா, பத்தா? செவுள்மூடி மெல்லத் திறக்கிறது, உள்ளே சிவப்பு, அடுக்கடுக்காகச் சிவப்பு, மூடுகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை, போச்சா, போயிடுச்சா, இல்லை, இதோ திறக்கிறது. அது திறக்கும்போதுதான் தானும் மூச்சு விடுகிறோம் என்று கொஞ்சம் முன்னால்தான் கவனித்தாள். கவனித்த பிறகு வேறு மாதிரி மூச்சு விட வரவில்லை. பெரிய மீன் என்று சொல்லிவிட்டால் போதாது. பெரிய மீன் என்று மூன்று கிலோ கெளுத்தியைக்கூடச் சொல்கிறார்கள். இதைக் கிடத்தினால் அவள் இடுப்பிலிருந்து பாதம் வரை வரும். ஒவ்வொரு செதிலும் அவள் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிது, ஒவ்வொன்றிலும் இந்தக் காலை வெளிச்சம் தனித்தனியாக. அப்புறம் அந்தக் கண். பொன்னும் சிவப்பும் கலந்து உள்ளுக்குள்ளேயே எரிகிற கண். அது அவளைப் பார்த்ததா என்பது தெரியவில்லை. அவள் வாழ்நாளில் யாரும் அவளை இவ்வளவு நேரம் சிரிக்காமல் பார்த்ததில்லை.

ஏனென்றால் ஆதிரையைப் பார்த்தாலே ஜனங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். பதினேழு வயதுக்குள் அவள் எடுக்காத குரல் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால் குரலில் மைக்கில் லீவு அறிவித்து மூன்று வகுப்புகளை வீட்டுக்கு அனுப்பியவள். சித்தியின் குரலில் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் குக்கரை இறக்க வைத்தவள். தெருவில் பழைய பேப்பர் எடுக்க வருகிறவர் அவளைக் கண்டால் தன் குரலை அவளிடமே கேட்டுவிட்டுத்தான் போவார். இப்போது கரையோரப் பாறைமேல் நின்று கத்திக்கொண்டிருக்கிற மூன்று பேரையும் அவள் தூக்கத்தில்கூடப் பேசுவாள். அதோ அந்தத் தொண்டை மாசிலாமணி மாமா, மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், கம்பத்து மேலிருந்து கீழே இருக்கிறவனிடம் பேசிப் பேசிப் பழகி, பக்கத்தில் இருக்கிறவனிடமும் அப்படியே பேசுகிறவர்: "ஏய் பொண்ணு, இன்னாடி அங்கயே நிக்கற, அத எடுத்துக்கினு கரைக்கு வாடி." அதற்குப் பின்னால் மருந்துக் கடை ஜெரோம் அங்கிள், மூக்கு வழியாக, ஒவ்வொரு வாக்கியத்தையும் மாத்திரை போல எண்ணிக் கொடுக்கிறவர்: "ஆதிரை, தராசு ரெடி. ஈரத்தோட நிறுத்தா நூறு கிராம் கூடக் காட்டும், பரவால்ல." அப்புறம் சித்தப்பா திருவரசன், எப்போதும் பாதியிலேயே நிறுத்துகிறவர்: "அவ என்னமோ பண்றா, நீங்க கொஞ்சம்..." இந்த மூன்று குரலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, அவர்கள் பேசாதபோதும் ஓடுகின்றன. கையில் இருக்கிற இதற்கு மட்டும் குரல் இல்லை. கரைக்கு வருகிற கெளுத்திகூடக் கிர்ர் கிர்ர் என்று ஏதோ சொல்லும், அதையும் அவள் செய்து காட்டியிருக்கிறாள். இது சொல்லாது. எத்தனை வருஷமாக இந்தத் தண்ணீரில் இருந்திருக்கும், எத்தனை புயல், எத்தனை வலை, ஒரு வார்த்தை கிடையாது. அதை எங்கே பிடித்து எடுப்பது?

செவுள் திறந்தது. மூடியது. விடியும்போது தூண்டிலில் மாட்டியது, உயிர் இறால் போட்டு, பாறைக்கு வலது பக்கச் சுழலில். இருபத்தைந்து நிமிஷம் இழுத்தது. ரீலிலிருந்து தூண்டில் நரம்பு போன சத்தம், கரைக்கு வந்தபின் திரும்பவும் போன சத்தம், ஒரு தடவை அது மேலே எழும்பித் தலையை உதறியபோது மாசிலாமணி மாமா வாயிலிருந்து வார்த்தையே வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. ராடைச் சித்தப்பா கையில் திணித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றி, கரைப் பக்கம் திரும்பி, "இது பொம்பள மீனு மாமா, நான் விடப்போறேன்" என்று சொன்னாள். பாறை சிரித்தது. மூன்று பேரும் சேர்ந்து சிரித்தால் பாறை சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். "இது யாரு வாய்ஸு?" என்றார் மாசிலாமணி மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சொல்லு சொல்லு, நல்லா இருக்குது, யாரு இது, டீச்சரா?" "என் வாய்ஸ்தான்" என்றாள். அதற்கு இன்னும் சிரித்தார்கள். அப்போது ஒரு மாதிரி இருந்தது, சொந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறவளை யாரோ திருட்டுச் செருப்பு என்று நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் செருப்பைத் திருட்டுச் செருப்பாக ஆக்கியதே அவள்தான்.

பாறைமேல் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும்: ரெண்டு கிலோவுக்குக் கீழ விடு. மாசிலாமணி மாமா கையெழுத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது, வருஷா வருஷம் புதுப் பெயின்ட். முகத்துவாரத்தில் ராடு போடுகிற இருபது பேரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். சின்னக் கொடுவாவுக்கு முத்தம் கொடுத்து விடுகிற ஆட்கள்கூட உண்டு. பெரியது வந்தால் எடுத்துக்கொள்ளலாம், அது வாழ்ந்து முடித்தது, குழந்தையைத் தொடாதே, கிழத்தை எடு, நியாயம்தானே. அப்படியும் வருஷா வருஷம் மீன் குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் ஒரு காலையில் நாலு கொடுவா, அப்புறம் இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. ஏன் என்று பேச ஆரம்பித்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு எதிரி. மாசிலாமணி மாமாவுக்கு இழுவைப் படகு: "அடி மண்ணு வரைக்கும் வழிச்சிக்கினு போறானுங்க, அப்புறம் மீன் எங்க இருந்து வரும், உங்க வூட்டு ஃபிரிட்ஜ்ல இருந்தா?" ஜெரோம் அங்கிளுக்கு இறால் பண்ணைக் கழிவு: "நான் விக்கிற ஆன்டிபயாடிக்க விட அவங்க தண்ணில கொட்றது ஜாஸ்தி." சித்தப்பாவுக்கு மணல் தூர்வாருவது, அதையும் பாதியில் நிறுத்துவார். வெளியூரிலிருந்து கார் போட்டு வந்து கண்டதையெல்லாம் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் பொது எதிரி. எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். இரை விற்கிற கடையின் சுவரில் இருபத்தாறு போட்டோ இருக்கிறது, இருபத்தாறு மனுஷன், இருபத்தாறு பெரிய கொடுவா, எல்லா மனுஷனுக்கும் ஒரே இளிப்பு. அந்தச் சுவரை மட்டும் எதிரி என்று யாரும் சொன்னதில்லை. அதில் தன் போட்டோ இருபத்தேழாவதாக வரவேண்டும், ஒரே பெண், ஒரே பாவாடைக்காரி, அத்தனை இளிப்புக்கும் நடுவில் தான் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்டவள் ஆதிரை. இப்போதும் ஆசை போகவில்லை. அது கையிலேயே இருக்கிறது, மீனோடு சேர்ந்து கனக்கிறது. ஒரு போட்டோ எடுத்துவிட்டு விடலாமே? கரைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு நிமிஷம்? ஒரு நிமிஷம் தண்ணீருக்கு மேலே. உன் தலையை ஒரு நிமிஷம் தண்ணீருக்குள்ளே பிடித்தால் எப்படி இருக்கும்? செவுள் திறக்கிறது. இப்போது இடைவெளி அதிகமாகிவிட்டதோ?

விலாசினி என்று ஒருத்தர், மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை, போன வருஷம் ஸ்கூட்டரில் வந்து பாறையோரம் நின்றார். மென்மையான குரல், 'ர'வைக் கொஞ்சம் உருட்டுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் 'பாருங்க' போடுவார். முதல் இரண்டு 'பாருங்க'விலேயே ஆதிரை அவரை எடுத்துவிட்டாள். "கொடுவா பொறக்கும்போது கிட்டத்தட்ட எல்லாமே ஆணு, பாருங்க. அஞ்சாறு வருஷம் ஆணா இருந்து, அப்புறம் வளந்து பெண்ணா மாறும். அதனால பெருசா இருக்கறது எல்லாம் பெண்ணு. ஒரு பெரிய மீன் ஒரே தடவையில லட்சக்கணக்குல முட்டை விடும், பாருங்க." ஆதிரை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், அதுவும் குரலுக்காக. குரல் போய்ச் சேர்ந்த பிறகுதான் அர்த்தம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. அர்த்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாததால் குரலை வைத்து என்ன செய்யலாமோ அதைச் செய்தாள். அன்று சாயங்காலமே வேறு நம்பரிலிருந்து, விலாசினி குரலில், மாசிலாமணி மாமாவுக்கு போன்: "ஐயா, உங்க ரெண்டு கிலோ சட்டத்தத் திருப்பிப் போடணும், பாருங்க. நீங்க பன்னண்டு வருஷமா ஆம்பளப் பசங்கள விட்டுட்டு அம்மாக்கள எல்லாம் எடுத்துட்டீங்க, பாருங்க." மனுஷன் ஆடிப்போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பாறையில் மீட்டிங். இருபது பேர். ஜெரோம் அங்கிள் குறிப்பு எடுத்தார். மாசிலாமணி மாமா புதுப் பெயின்ட் டப்பாவோடு வந்து, குரல் தழுதழுக்க, "நம்மளே நம்ம வயித்துல அடிச்சிக்கினு இருந்துட்டோம் பசங்களா" என்றார். பிரஷ்ஷைத் தொட்டு எழுதப் போனார். அந்த நொடியில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, போனில் கேட்ட அதே குரலில், "அழகா எழுதுங்க, பாருங்க" என்றாள் ஆதிரை. சும்மா இருந்திருக்கலாம். நாக்கு இருக்கிறதே, அது நல்ல கூட்டம் கண்டால் நிற்காது. இருபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாசிலாமணி மாமா முதலில் சிவந்து, அப்புறம் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். பெயின்ட் டப்பாவை மூடினார்கள். அன்றிலிருந்து யாருக்குக் கெளுத்தி மாட்டினாலும் "அம்மாவ விட்டுடுங்க, பாருங்க" என்பதே பேச்சாகிவிட்டது. விலாசினி அம்மாவே நிஜமாக வந்து சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். உண்மையை அவள் தன் குரல் பட்டியலில் சேர்த்துவிட்டாள், இனிமேல் யாரும் அதைத் திரும்பப் பெற முடியாது.

அதற்கு அடுத்த வாரம் மாசிலாமணி மாமாவுக்குப் பதினொரு கிலோ மாட்டியது. "அம்மா வந்திருக்காங்க, பாருங்க" என்று அவரே சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான், அவள்தான் முதலில். ஜெரோம் அங்கிள் பாறைமேலேயே மீன் வயிற்றைக் கீறினார். உள்ளேயிருந்து இரண்டு சினைப்பை வந்தது. வந்தது என்றால், வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் அவள் முழங்கை நீளம், மஞ்சள், மேலே மெல்லிய ரத்தக் குழாய்கள், இலை நரம்பு போல. அதைத் தட்டில் வைத்தபோது தட்டு போதவில்லை. அதில் இருப்பது முட்டை, ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது, எண்ண ஆரம்பித்தால் எண்ணி முடிப்பதற்குள் கிழவியாகிவிடுவாள். அவ்வளவும் மீன். நாளைக்கு, நாளன்றைக்கு, அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் இந்தச் சுழலில் நிற்கவேண்டிய மீன். மாசிலாமணி மாமா வீட்டில் மிளகாய்த்தூள் போட்டு வறுத்துக் கொடுத்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. வாயில் மணல் மணலாக உடைந்தது. அன்று ராத்திரி படுத்தபின் நாக்கு பல்லைத் துழாவிக்கொண்டே இருந்தது, ஏதோ ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. அது நடந்து பதினொரு மாசம். அந்தப் பதினொரு மாசத்தில் முகத்துவாரத்தில் இருபது ராடுக்கும் சேர்த்து ஒரு பெரிய கொடுவாகூட வரவில்லை. இன்று வந்தது. யாருக்கு வந்திருக்கிறது பார். கடைசி ஒன்றாக இருக்குமோ? அப்படி இருக்காது, கடல் பெரிது. ஆனால் கடைசிக்கு முந்தையது கிடைத்த அன்றும் கடல் பெரிதுதானே? இது முன்னால் ஆணாக இருந்திருக்கும், இதே மாதிரி ஒரு காலையில் பாறையில் யாரோ ஒருவர், மாசிலாமணி மாமாவேகூட, ரெண்டு கிலோவுக்குக் கீழே என்று முத்தம் கொடுத்து விட்டிருப்பார். அது போய், வளர்ந்து, உள்ளுக்குள்ளே யாருக்கும் தெரியாமல் மாறி, அப்பாவாக இருந்தது அம்மாவாகி, இவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. அவள் ஒரு குரலை மாற்றுவதற்கே ஊர் கைதட்டுகிறது.

விரல் சில்லென்று ஆனது. பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தாள், பார்த்திருக்கக் கூடாது. மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வெள்ளை வயிறு மெல்ல மேலே திரும்பியது, கதவு தானாகத் திறப்பது போல. ஐயோ இல்லை. இரண்டு கையாலும் நிமிர்த்தினாள், செவுள்மூடியின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது, பிளேடு மாதிரி, தண்ணீரில் ரத்தம் கொஞ்சமாகப் புகைந்தது, அவளுடையதா அதனுடையதா? பிடித்ததும் அவள், இழுத்துக் களைக்க வைத்ததும் அவள், இப்போது விடுகிறேன் என்று நடிப்பதும் அவள். இது செத்தால் என்ன சொல்வார்கள்? அம்மா அம்மான்னு கொன்னுட்டாளே. அதுவும் ஒரு ஜோக்காகிவிடும், நாளைக்கு யாராவது அவள் குரலிலேயே சொல்வார்கள், அப்புறம் பாறையில் அந்தப் பேச்சை எடுக்க நாதி இருக்காது, அடுத்த பெரிய மீனும் தட்டில்தான், அதற்கடுத்ததும். திற. ஒரு தடவை திற. திறக்க மாட்டாயா? முன்னால் ஓரடி வைத்தாள். தண்ணீர் தோள்பட்டைக்கு வந்தது.

பின்னால் சளப் சளப் என்று சத்தம். மாசிலாமணி மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். "போதும்டி உன் கூத்து. குடு, நான் எடுத்தாறேன். அதுதான் செத்துப்போச்சே." "சாகல மாமா." "எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா மீன் புடிக்கறேன், செத்ததுக்கும் உசுரோட இருக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?" "இல்ல மாமா. நீங்க எடுத்ததும் மண்டைல அடிச்சிடுவீங்க. தண்ணிக்குள்ள வச்சு ஒரு நாளும் புடிச்சதில்ல." யார் குரலும் இல்லாமல் அது வந்தது. அவர் அவளை ஒரு நொடி பார்த்தார், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தேடுகிறவர் போல. கிடைக்கவில்லை. குனிந்து மீனின் தொண்டைக்கு அடியில், இரண்டு செவுளும் சேருகிற இடத்தில், தடித்த விரல்களை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. "இது" என்றார். அப்புறம், "அடிச்சிக்கினுதான் இருக்குது." அவருடைய அவ்வளவு பெரிய தொண்டை எங்கே போனது என்று தெரியவில்லை, பக்கத்தில் இருந்தும் அவளுக்கே பாதிதான் கேட்டது. பாறையிலிருந்து ஜெரோம் அங்கிள், "என்னாச்சு, கொண்டாறீங்களா?" என்றார். மாசிலாமணி மாமா திரும்பவில்லை. "இங்க கலங்கலா கீது. இன்னும் ரெண்டடி போ, அங்க தண்ணி புதுசா வருது" என்றார் அவளிடம். "வாலப் புடிக்காத, வால நான் தாங்கிக்கறேன்." போனார்கள். தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்தது. புதுத்தண்ணீர் குளிர்ந்து முகத்தில் மோதியது, உப்பு, அதன் வாய்க்குள்ளும் அதே தண்ணீர்தான் போகிறது என்று நினைத்தாள், அப்படியே வாயைத் திறந்து கொஞ்சம் குடித்தும் விட்டாள். திறந்தது. மூடியது. திறந்தது. எண்ணாதே, எண்ணினால் நின்றுவிடும். மூடியது. திறந்தது, இந்த முறை அகலமாக.

அப்புறம் அது கடித்தது. பல் என்று சொல்ல முடியாத, உப்புத்தாள் மாதிரியான ஒன்று, கட்டைவிரலை இரண்டு பக்கமும் கவ்வி, இறுக்கியது. வலி எலும்பு வரை போனது. ஆதிரைக்கு அழுகை வந்தது, வலியினால் இல்லை. இவ்வளவு நேரம் அவள்தான் அதைப் பிடித்திருந்தாள், இப்போது அது அவளைப் பிடித்திருந்தது. அந்தப் பிடிக்குள் எத்தனை பலம் திரும்பியிருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு தாடை தளர்ந்தது, விரலை வெளியே எடுத்தாள், அடியில் ஏந்தியிருந்த கையையும் மெல்ல இறக்கினாள். மாசிலாமணி மாமா வாலிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுவா சாயவில்லை. நேராகவே கீழே இறங்கியது. கலங்கலுக்குள் முதுகு மங்கி, பழுப்பாகி, தண்ணீராகவே ஆகிவிட்டது.

போகவில்லை. அது ஆதிரைக்கு மட்டும்தான் தெரிந்தது. கெண்டைக்காலில் ஏதோ சாய்ந்தது, கனமாக, வழவழவென்று, ஒரு ஆள் பஸ்ஸில் தூங்கித் தோளில் சாய்வது போல அவ்வளவு சாதாரணமாக. அவளை ஏதோ ஒரு கல் என்றோ, கம்பம் என்றோ நினைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கு மறைவாக ஒதுங்கியிருக்கிறது. கணுக்காலில் தண்ணீர் புஸ்ஸென்று பட்டது. அதன் செவுளிலிருந்து வருகிற தண்ணீர். மறுபடி பட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, சிலிர்ப்பதற்கும் பயந்தாள், தொடை நடுங்கினால் அதற்குத் தெரிந்துவிடும். உலகத்தில் எத்தனையோ கால் இருக்கிறது, இது வந்து சாய்ந்தது அவள் காலில். "போயிடுச்சா?" பாறையிலிருந்து சித்தப்பா, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டார். அவள் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள், கண்ணைத் தண்ணீர்ப் பக்கம் காட்டினாள். மாசிலாமணி மாமா அவளைப் பார்த்தார், அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார், மெல்லத் திரும்பிப் பாறைக்கு இரண்டு கையையும் உயர்த்தி, சும்மா இருங்கப்பா என்பது போல அமர்த்தினார். அங்கே பேச்சு நின்றது. ஜெரோம் அங்கிள் தராசைக் கீழே வைத்தார், அது கல்லில் படாமல் குனிந்து வைத்தார்.

அலை ஒன்று வந்து அவள் உதட்டைத் தொட்டுவிட்டுப் போனது. கடல் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மூக்கை மேலே தூக்கி, மூச்சு விட்டு, மறுபடி நேராக்கினாள். காலை மட்டும் நகர்த்தவில்லை. கணுக்காலில் புஸ், இடைவெளி, புஸ். மரத்துப்போன பாதத்தில் அந்த ஒரு இடம் மட்டும் உயிரோடிருந்தது. பிறகு ஒரு இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது. செத்துவிட்டதா, என் காலடியிலேயே, காலால் தொட்டுப் பார்க்கலாமா, கூடாது, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு அலை போகட்டும் என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டபோது, கெண்டைக்காலிலிருந்து கனம் சட்டென்று விலகியது. அடியில் ஒரு பெரிய வீச்சு. அவள் இரண்டு பாதங்களையும் மணல் வாரி மூடியது.